குழாயா, சவுண்ட் பாக்ஸா

எனக்குக் கோபம் வந்தா வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும்னு எங்க வூட்டுக்காரர் சொல்வார். கிராமபோன் பெட்டி வந்த அந்த வருஷம் எங்க வூட்டுப் பாத்திரமெல்லாம் நல்லாவே பேசுச்சு.

அது உலகச் சண்டை நடந்த காலம். அவர் அரியலூர் ஸ்டேஷன்ல கூட்ஸ் குமாஸ்தா. கல்யாணமாகி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. மாத்தலாகிப் போன ஒரு ஆபீசர் மூட்டை கட்டறப்போ, இந்தப் பழைய பெட்டி வேணுமான்னு இவர்கிட்ட கேட்டிருக்கார். கேட்கணுமா? வாயெல்லாம் பல்லா தலையில சுமந்துக்கிட்டு வந்து நடுக்கூடத்துல இறக்கினார். "இன்னும் அம்பது வருஷம் பாடும் பாரு"ன்னார்.

பாடுச்சு, பாடாம என்ன? சாவி கொடுத்தா பாதிப் பாட்டுலயே ஸ்பிரிங் சோர்ந்து, பொம்பளைக் குரல் ஆம்பளைக் குரலா இறங்கிடும். ஊசியைப் பிடிச்சிருக்கிற வட்ட டப்பி இருக்கே, சவுண்ட் பாக்ஸ், அதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி ஒரே கரகரப்பு. சத்தம் வெளிய வர்ற குழாயோ நசுங்கி, ஓட்டை விழுந்து, ஈயம் பூசிக் கிடந்துச்சு. ஏதாவது ஒண்ணை மாத்தத்தான் எங்களால முடியும். மத்த ரெண்டும் அடுத்த வருஷம், இல்லாட்டி அதுக்கும் அடுத்த வருஷம்.

சும்மா பாட்டு கேட்கிற ஆசைதான்னா நான் அவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன். எங்க அக்கா பாடின ரெக்கார்டு ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. அக்கா மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு நாடகக் கம்பெனியோட போயிட்டா. அப்பாவுக்குக் குன்னத்துல பருத்தியும் வெங்காயமும் விளையற காடு, நாலு பேர் மதிக்கிற குடும்பம். "அவ பேரை எடுக்கிறவங்க இந்த வூட்டுப் படி ஏறக்கூடாது"ன்னுட்டார். அதுக்கப்புறம் யாரும் எடுக்கல. அக்கா அந்த ரெக்கார்டை ஸ்டேஷன் விலாசத்துக்கு, ஒரு பழைய புடவையில சுத்தி அனுப்பியிருந்தா. கூட ஒரு துண்டுக் கடுதாசி: "அப்பாவைப் பார்க்கணும்னு இருக்கு. ஆனா நீ கூப்பிட்டா வரமாட்டேன். அவர் கூப்பிட்டா வருவேன்."

பக்கத்து ஊர் கல்லங்குறிச்சித் தேர்த் திருவிழாவுக்கு அப்பா வருஷா வருஷம் வண்டி கட்டிக்கிட்டு வருவார், எங்க வூட்லதான் இறங்குவார். பேரை எடுக்கத்தானே கூடாது? பாட்டு போடக்கூடாதுன்னு சொல்லலியே! ஆனா அந்தக் கரகரப்புல அவளைப் பெத்தவருக்கே அவ குரல் அடையாளம் தெரியாது. தேர் வர்றதுக்குள்ள பெட்டியைச் சரி பண்ணியாகணும்.

எதை மாத்தறது? தினம் சோறு போடறப்போ அதே பேச்சு. "குழாய் மாத்தினா தெருவே கேட்கும்"பார் அவர். "தெரு கேட்டு என்ன பண்றது? அப்பா கேட்கணும்"பேன் நான். ஸ்பிரிங்கை ஒதுக்கிட்டோம். பாட்டு ஓடறப்பவே பக்கத்துல நின்னு நைசா சாவி கொடுத்துக்கிட்டே இருந்தா வேகம் குறையறதில்லை. கை செய்யற வேலைக்குக் காசு எதுக்கு? குழாய் கொஞ்சம் சத்தம் குறைச்சாலும் குரலை மாத்தாது. குரலைக் கெடுக்கிறது டப்பிதான். மூணு நாள் வாதாடி ஜெயிச்சேன். "சரி தாயே, சவுண்ட் பாக்ஸ்தான்"னு கும்பிடு போட்டுட்டுத் திருச்சிக்கு ரயிலேறினார்.

சாயங்கால வண்டியில இறங்கி வர்றார். ஆளைக் காணோம், ஒரு பெரிய ஊமத்தம்பூ நடந்து வருது! ஆறு மடல், நீலக் கலர், ஓரமெல்லாம் தங்கக் கோடு. அதுக்குப் பின்னால இவர் தலை.

"டப்பி எங்கங்க?"

"இதைப் பார்த்தேனா... மனசு கேட்கல புள்ளே."

கண்ணை வித்துச் சித்திரம் வாங்கின கதையாப் போச்சு! அன்னிக்குப் பாத்திரம் பேசுனதுல எதிர் வூட்டம்மா என்னமோ ஏதோன்னு எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க.

மறுநாள் அந்தக் குழாயை மாட்டி அக்கா ரெக்கார்டைப் போட்டார். முன்னே வூட்டுக்குள்ள இருந்த கரகரப்பு இப்ப தெருவுக்கே கேட்டுச்சு. பக்கத்து வூட்டு எருமை கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுச்சு, சத்தியமா! "ஊசி தேஞ்சிருக்கும்"னு முனகினார். தேயாம? ஒரு பாட்டுக்கு ஒரு ஊசின்னு அந்த ஆபீசர் சொல்லித்தான் கொடுத்திருக்கார். சண்டையில ஊசியே கிடைக்கல, இவர் ஒரே ஊசியைச் சாணைக்கல்லுல தீட்டித் தீட்டி ஆறு மாசமா ஓட்டிக்கிட்டிருந்தார்.

கோபத்துல கொல்லைக்குப் போனவ வேலியோரம் கருவேல முள்ளை நறுக்குன்னு மிதிச்சுட்டேன். அங்கேயே உட்கார்ந்து, இன்னொரு முள்ளை ஒடிச்சு, குத்தின முள்ளை நெம்பி எடுத்தேன். எடுத்துட்டுக் கையில இருந்த முள்ளைப் பார்க்கிறேன். வெள்ளை வெளேர்னு காஞ்சு, நுனி அப்படிக் கூரா இருக்கு. இரும்பு ஊசி எந்த மூலைக்கு?

அவர்கிட்ட சொல்லல. சொன்னா சிரிப்பார். அவர் ஸ்டேஷனுக்குப் போனதும் அரிவாள்மணையில முள்ளை அளவா நறுக்கி, டப்பியில சொருகி, திருகாணியை இறுக்கி, ரெக்கார்டு மேல வெச்சேன்.

அடி ஆத்தி! வண்டு ஓடிப்போச்சு. கோளாறு டப்பியில இல்லை, தீட்டித் தேஞ்ச ஊசியிலதான் இருந்திருக்கு! எங்க அக்கா நின்னு பாடறா. மெல்லிசான குரல்தான், இரும்பு ஊசி மாதிரி முள்ளு சத்தம் போடாது. ஆனா சுத்தமான குரல். பழைய குழாயா இருந்திருந்தா அது பெட்டியை விட்டே வெளிய வந்திருக்காது. அந்த ஊமத்தம்பூதான் அதை அள்ளிக் கூடம் பூரா கொண்டாந்து கொட்டுச்சு. எனக்கு அழுகையும் வந்துச்சு, அவரை நினைச்சுச் சிரிப்பும் வந்துச்சு. சாயங்காலம் கேட்டுட்டு மனுஷன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டார் பாருங்க, ஒரு வாரம் அதை இறக்கவே இல்லை. நானும் போனாப்போகுதுன்னு விட்டுட்டேன். அவர் வாங்கினது சரியாத்தான் போச்சு, அதுக்கு என்ன பண்றது?

தேருக்கு முதல் நாளே அப்பா வந்துட்டார். மத்தியானம் சாப்பிட்டுத் துண்டை விரிச்சுக் கூடத்துல சாஞ்சார். புது முள்ளா மாட்டி, ரெக்கார்டைப் போட்டேன். ஒரு கை சாவியிலயே இருந்துச்சு.

முதல் அடி முடியறதுக்குள்ள எழுந்து உட்கார்ந்துட்டார். குழாயையே பார்த்துக்கிட்டிருந்தார். அக்கா குரலை மேல ஏத்தற இடம் வந்துச்சு.

"மூச்சை முழுங்கறா," அப்படின்னார். "வெங்காயம் ஆயறப்போ பாடுவாளே, அப்பவும் இப்படித்தான். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

பாட்டு முடிஞ்சுது. "இன்னொரு தடவை போடு"ன்னார். போட்டேன். "இன்னொரு தடவை." மூணாவது தடவையில நுனி மழுங்கிப் பாட்டு மங்கிடுச்சு. என்னாச்சுன்னார். முள்ளு தேஞ்சுதுப்பா, கொல்லையில போய் ஒடிச்சுட்டு வர்றேன்னேன்.

"நீ உட்காரு"ன்னுட்டு அவரே எழுந்து போனார். போனவரைக் காணோம். எட்டிப் பார்த்தா, நாலு பேர் மதிக்கிற மனுஷன் கொளுத்தற வெயில்ல வேலியோரம் நின்னு முள்ளு ஒடிச்சுக்கிட்டிருக்கார். துண்டு நிறையக் கொண்டாந்து என் முன்னால கொட்டினார். விரல் நுனியெல்லாம் பொட்டுப் பொட்டா ரத்தம்.

"இவ்வளவு எதுக்குப்பா?"ன்னு கேட்டேன்.

முள்ளுல நல்லதாப் பார்த்துப் பொறுக்கி ஓரமா அடுக்கினார். குனிஞ்ச தலை நிமிரவே இல்லை.

"அவளுக்கு ஒரு கடுதாசி போடு, வரச் சொல்லி"ன்னார்.

"சரிப்பா"ன்னேன்.

"நீ கூப்பிடறதா எழுதிடாதே. ரோஷக்காரி, வரமாட்டா. அப்பாதான் கூப்பிட்டார்னு எழுது."