குட்டைக்கு அப்புறம் வந்த காலடி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மலேசியப் பட்டாளத்தில் ஏழு வருடம் இருந்தேன், அதில் பாதி பேராக் மாநிலத்தின் வடக்குக் காடுகளில். இருட்டுக்குள் காவல் நிற்பதையே வேலையாகச் செய்தவனுக்கு இருட்டில் பயப்பட எதுவும் மிஞ்சுவதில்லை, நாங்கள் பயந்ததெல்லாம் மனிதன் மண்ணுக்குள் புதைத்து வைத்ததற்குத்தான். இதை நம்புங்கள் என்று உங்களிடம் கெஞ்சப் போவதில்லை. நடந்தது பட்டப்பகலில், மத்தியானம் மூன்று மணிக்கு, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. கண்ணிவெடி. எனக்குப் பின்னால் வந்த மணியம் அந்த இடத்திலேயே போய்விட்டான். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆள், சிரித்தால் ஈறெல்லாம் தெரியும். அவன் மனைவி சரசு பால்மரம் சீவுகிறவள். மகள் கோமதிக்கு இளம்பிள்ளை வாதம். ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சரசு ஈப்போ பஸ்ஸுக்கு நிற்பாள், சில பஸ் நிற்கும், பல பஸ் நிற்காது. ஈப்போவில் அந்தமாதிரிப் பிள்ளைகளுக்குக் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற சின்ன இல்லம் ஒன்று இருந்தது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வேன் இருந்தால் போதும் என்றார்கள். அதற்குப் பணம் திரட்டத்தான் ஒரு நெடுநடைப் போட்டி வைத்தார்கள். எழுபதுகளின் கடைசி, என் கால் போய் நான்கு வருடம்.

ஈப்போவிலிருந்து லூமுட் படகுத்துறை வரை ஏறக்குறைய ஐம்பது கட்டை, மைலை நாங்கள் கட்டை என்றுதான் சொல்வோம். இரண்டு பகல் நடை. ஒற்றைக்கால் சிப்பாய் நடக்கிறானாம் என்று கேள்விப்பட்ட கடைக்காரர்கள் நடந்து முடித்தால் தருவதாக மற்ற எல்லாரையும்விட என் பேரில்தான் அதிகப் பணம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நிபந்தனை இரண்டே இரண்டு. இரண்டாம் நாள் ஆறு மணிக்குள் படகுத்துறையைத் தொட வேண்டும், வழியில் எந்த வண்டியிலும் ஏறக்கூடாது. ஏறினால் வேன் இல்லை.

"அம்பது கட்டையா? திரும்பி வர ஆம்புலன்ஸ் சொல்லிட்டியா மச்சான்?" என்று புறப்படும்போது ஒருத்தன் கேட்டான்.

"உன் ரெண்டு காலும் கள்ளுக்கடையைத் தாண்டினதே இல்ல, நீ பேசாத லா" என்று எனக்காகப் பதில் சொன்னவன் அந்தோணி. லாரி கிளீனர். விடுமுறை எடுத்துக்கொண்டு, தண்ணீரும் குளுக்கோசும் கட்டிய மோட்டார் சைக்கிளில் இரண்டு நாளும் என் பின்னாலேயே ஊர்ந்தவன்.

முதல் நாள் எப்படியோ போனது. இரண்டாம் நாள் சித்தியவானைத் தாண்டியதும் பாலம் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள், நடப்பவர்களை ஒரு ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதை வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். முன்னால் போனவர்களெல்லாம் காலையிலேயே கடந்துவிட்டார்கள். நான்தான் கடைசி. ஒரு மணிக்குக் கொட்டிய மழை அவர்கள் தடம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது, பாதை புதிதாகத் தேய்த்த சிவப்புத் தட்டுபோல் கிடந்தது.

"அண்ணே, நத்தைகூட லூமுட் போய் மீன் வாங்கிட்டுத் திரும்பிடுச்சு" என்றான் அந்தோணி. நான் சிரிக்கவில்லை. பொய்க்காலுக்குள் போட்டிருந்த உறை ரத்தத்தில் ஊறியிருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "உக்காருங்கண்ணே, சித்தியவான் போய் மருந்துத்துணி வாங்கிட்டு வாரேன்" என்று மோட்டாரைத் திருப்பினான்.

பாதையோரம் கவிழ்ந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தேன். மழை விட்டும் மரங்கள் மட்டும் தனியாகப் பெய்துகொண்டிருந்தன. கோமதி இல்லை, வேன் இல்லை, கடைக்காரர்கள் இல்லை, வலி மட்டுமே நான் என்று ஆன ஒரு நேரம் அது. அந்தோணி வந்ததும் பின்சீட்டில் ஏறிவிடுவது என்று முடிவு செய்தேன். உண்மையாகவே அப்படித்தான் முடிவு செய்தேன்.

அப்போதுதான் முதுகில் ஒரு தட்டு.

காட்டில் ஐந்து பேராக, பேசாமல், வரிசையாகப் போவோம். முன்னவன் கால் பட்ட இடத்தில்தான் பின்னவன் கால் வைக்க வேண்டும். செய்தியெல்லாம் தொட்டுத்தான். பின்னால் இருப்பவன் முதுகுப்பையில் இரண்டு முறை தட்டினால் நில், ஒரு முறை தட்டினால் போ. பின்பக்கம் அவன் பொறுப்பு, முன்னே போகிறவன் திரும்பக்கூடாது. அந்தப் பழக்கமோ பயமோ, நான் திரும்பவில்லை. எழுந்தேன். நடந்தேன்.

எனக்குப் பின்னால் இரண்டு கால்கள் ஈரமண்ணில் ஊன்றி ஊன்றி வந்தன. நான் வேகமாக வைத்தால் அதுவும் வேகம். வலி குறையவில்லை, ஆனால் அதைச் சுமக்க இரண்டு பேர் இருப்பதுபோல் இருந்தது, வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வழியில் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு குட்டை. உறை நனைந்தால் அதோடு கதை முடிந்தது என்று வலப்பக்கம் மரங்களுக்குள் ஒதுங்கிச் சுற்றி வந்தேன். பாதையில் மறுபடி ஏறியபோது பின்னாலிருந்த சத்தம் மாறியிருந்தது. ஒரு கால் ஊன்றியது, ஒரு கால் இழுத்தது. அவனுக்கும் அலுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். ‘அவனுக்கும்’ என்று நான் நினைத்ததைக் கவனியுங்கள், வருவது மணியம்தான் என்று அதற்குள் என் மனது முடிவு கட்டிவிட்டது.

தோட்டம் முடிகிற இடத்தில் அந்தோணி வந்து சேர்ந்தான். மருந்துத்துணியை நீட்டிக்கொண்டே வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, உங்க கூட யாரு வந்தது?"

"ஏன்?"

"உங்க சப்பாத்துத் தடம் மேலேயே இன்னொரு தடம். பட்டாளத்து பூட்ஸ் சப்பாத்து, அடி மேல அடி. தப்பா வெக்கல. நீங்க உக்காந்த எடத்துலேருந்து ஆரம்பிக்குது, அதுக்கு முன்ன இல்ல."

"அப்புறம்?"

"அந்தக் குட்டை இருக்குல்ல? நீங்க ஒதுங்கிப் போயிருக்கீங்க. அந்த ஆளு ஒதுங்கல. நேரா தண்ணிக்குள்ள எறங்கியிருக்கான். அந்தப் பக்கம் ஏறவே இல்லண்ணே. அதுக்கப்புறம் உங்க தடம் மட்டும்தான்."

காலுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டே, நான்கு வருடம் யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். அன்றைக்குக் காட்டுப் பாதையிலும் ஒரு குட்டை. முன்னால் போன மூன்று பேரும் அதில் இறங்கித்தான் போனார்கள். சப்பாத்து நனையுமே என்று நான் ஓர் அடி ஒதுங்கினேன். என் கால் பட்ட இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பதால் மணியமும் என் பின்னால் ஒதுங்கினான். அடுத்த அடியில் என் கால் வெடியை மிதித்தது. வெடி பாதையில் இருந்தது என்றுதான் விசாரணையில் சொன்னேன். அதிகாரிகளும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

அந்தோணி நெற்றியில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். பிறகு மோட்டாரை அணைத்துத் தள்ளிக்கொண்டே என்னோடு நடந்தான். எங்கள் இருவருக்கும் பின்னால் அந்தச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது.

"உனக்குக் கேக்குதா?"

"ஒன்னும் கேக்கலியேண்ணே."

தார்ச்சாலை வெயிலில் ஆவி பறக்க, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படகுத்துறையின் கைப்பிடியைத் தொட்டேன். வேன் வந்தது. வெள்ளை வேன், கதவை ஓங்கிச் சாத்தினால்தான் மூடும். அது முதல் தடவை சரசு வீட்டு வாசலுக்கு வந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். கோமதியை ஏற்றி உட்காரவைத்த பிறகு, வேனுக்குப் பின்னால் நின்று சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காட்டுக் குட்டை, நான் ஒதுங்கியது, தோட்டத்துத் தடம், எல்லாம்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பொய்க்காலைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ அவரு உங்க பின்னால ஒதுங்கலியா?" என்றாள்.

"இல்லம்மா."

"நல்லதுண்ணே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி மறுபடி பேசியதில்லை.

அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. படகுத்துறைப் பலகைகளில் நான் நின்றுவிட்ட பிறகு, எனக்குப் பின்னால் ஓர் அடி ஊன்றியது, ஓர் அடி இழுத்தது, அப்புறம்தான் நின்றது. எதிரொலி என்பீர்கள். கடலைப் பார்த்து நின்றேன், முன்னால் சுவர் இல்லை. மணியம் குட்டையோடு நேராகப் போய்விட்டான். அதுவுமில்லாமல் அவனை அடக்கம் செய்தபோது அவனுக்கு இரண்டு காலும் இருந்தன. லூமுட் வரை, என்னைப் போலவே ஒரு காலை இழுத்துக்கொண்டு, என் பின்னால் வந்தது யார் என்று திரும்பிப் பார்க்க அன்றைக்கு எனக்குத் துணிவு வரவில்லை. இன்றைக்கும் பலகைத் தரையில் நடந்தால், நின்ற பிறகு ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.