உயிரோடு இருந்தவனை யாரிமே சாகடித்த கதை

பாப்புவா நியூகினி மலைநாட்டில், கொருப்பா ஊரின் புல்தரை ஓடுதளத்தில் பதினாறு வருஷமாக வானிலை சொல்லி வந்தவள் யாரிமே. எதிரே இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் விமானங்களுக்கு ஒரே வாசல். அது தெரிந்தால் வானொலியில் "வாங்க" என்பாள். மேகம் அடைத்தால் "வராதீங்க". பேச்சைக் கேட்காமல் வந்த மூன்று பேரின் உடல்களை மலையிலிருந்து இறக்கியபோது அவளும் தோள் கொடுத்திருக்கிறாள்.

அன்று "வராதீங்க" என்று சொல்லியும் கிடியோன் வந்தான். கடற்கரைக்காரன், அவசரக்காரன். அரிசி மூட்டைகளோடு அவனுடைய சின்ன விமானம் மேகத்துக்குள் உறுமியது. பிறகு மேட்டில் 'சொத்'தென்று ஒரு சத்தம். ஊர் ஜனம் மேட்டுக்கு ஓடியது. யாரிமே வானொலியில் அவனைக் கூவிக் கூவி அழைத்தாள். அரைமணி கழித்து, பதில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"இங்க இருக்கேன்க்கா."

நெற்றியில் ரத்தம், தலையில் சர்க்கரைவள்ளிக் கொடி.

"வாசல் மூடியிருக்குன்னு சொன்னேனா இல்லையா? காதைக் கடல்ல போட்டுட்டு வந்தியா?"

"மேகத்துல ஒரு ஓட்டை தெரிஞ்சுதுக்கா. கீழ பச்சையா இருந்துது."

"அது என் தோட்டம்டா!"

கண்கலங்கியபடியே, அவன் பிழைத்து வந்துவிட்டதாகத் தலைமை நிலையத்துக்குத் தகவல் சொன்னாள். அங்கிருந்த அதிகாரியோ, "தேடுற விமானம் கிளம்பப் போகுதும்மா" என்றார்.

கிடியோன் ஒலிவாங்கியைப் பிடுங்கினான். "சார், நான்தான் பேசுறேன். நல்லா இருக்கேன். யாரும் வரவேண்டாம்."

"நீங்க காணாமப் போனவர். உங்களை நீங்களே கண்டுபிடிச்சீங்கன்னு எழுத படிவத்துல இடமில்ல. உயிரோட இருந்தா உடனே வந்து மீட்கணும். விதி."

யாரிமே வெளியே பார்த்தாள். மலையே தெரியவில்லை. ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினாள்.

"ஐயா, பைலட் செத்துட்டான்."

"இப்பத்தானே பேசினார்?"

"பேசி முடிச்சதும் போயிட்டான்."

"அடடா! அப்ப அவசரமில்ல. வானம் தெளிஞ்சதும் வர்றோம்."

"ஐயோ, என் பொண்டாட்டி அழுவாளேக்கா!" என்றான் கிடியோன்.

"உன்னைத் தேடி வர்றவனுக்கும் பொண்டாட்டி இருக்கா. ஒருத்தி ரெண்டு நாள் அழட்டும், பரவாயில்ல."

மூன்று நாள் மழை. செத்தவன் சுட்ட கிழங்கைத் தின்றான். விமானம் உழுதுபோட்ட இடத்தில் கொடி நட்டான். நாலாம் நாள் சவப்பெட்டியோடு விமானம் வந்தது. பெட்டியைக் காலியாகக் கொண்டுபோனால் கேள்வி வரும் என்று அந்த பைலட் தலையைச் சொறிந்தான். யாரிமே அதில் கிழங்கை நிரப்பினாள். கிடியோன் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டான். அவன் மனைவி முதலில் இரண்டு அறை விட்டுவிட்டுத்தான் கட்டிப்பிடித்து அழுதாளாம்.

மாதக் கடைசியில் தலைமை நிலையத்திலிருந்து யாரிமேவுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. இனிமேல் யாருடைய மரணத்தையும் அறிவிக்கும் முன் அவருடைய ஒப்புதலை எழுத்தில் பெறவேண்டுமாம். யாரிமே இரண்டு முறை படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், வானொலி கூப்பிட்டபோதும் நிறுத்த முடியாமல் திணறினாள்.