எந்தப் பாகத்திலை இருந்து தொடங்கிறது?

1. முதலாம் நாள்

யாழ்ப்பாண டவுனில் ஒரு கத்தோலிக்கப் புத்தகக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, புத்தகங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நனையக் கூடாது. நான் குருநகர்க்காரன். அப்பா கடலுக்குப் போனவர். என்னை வள்ளத்தில் ஏற்றினால் கரை மறையும் முன்னமே சத்தி எடுப்பேன். அப்படித்தான் நான் இலக்கியத்துக்கு வந்தேன்.

கடைக்குப் பொறுப்பான பாதர் ஒரு கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். உள்ளே ஒரே மாதிரி மட்டை போட்ட பன்னிரண்டு பாகங்கள். ஒவ்வொரு மட்டையிலும் நெஞ்சுவரை தாடி வளர்த்த அதே சுவாமியார். எத்தனையோ தலைமுறைக்கு முன் ஐரோப்பாவில் இருந்து எழுதியவர். பிறகு யாரோ ஒரு பொறுமைசாலி எல்லாவற்றையும் தமிழாக்கியிருக்கிறார். பெயர் வாய்க்குள் அடங்காதபடியால் கடையில் நாங்கள் அவரைத் தாடிச் சுவாமி என்போம்.

“இவர் பெரிய ஞானி,” என்றார் பாதர். “எதிலை இருந்து தொடங்கிறது எண்டு சனம் வந்து கேக்கும். முதலாம் பாகம் எண்டு சொல்லு.”

“ஏன் பாதர்?”

“முதலாம் பாகம் எண்டா முதல் வாசிக்கிறதுதானேடாப்பா.”

மறுக்க முடியாத நியாயம். வருடக் கணக்காக அதையே சொன்னேன். முதலாம் பாகம் முழுக்கக் கடவுள் இருக்கிறார் என்பதற்கான ஆதாரங்கள். வாங்கியவர்களோ பூசை முடிந்து நேரே கடைக்கு வந்தவர்கள். இல்லாதவருக்கு முன்னாலா இவ்வளவு நேரமும் முழங்காலில் நின்றார்கள்? இரண்டாம் பாகம் கேட்டு ஒருவரும் திரும்பி வரவில்லை. நான் மட்டும் ஒழுங்கோ? முன்னுரையை இரண்டு தரம் வாசித்து முடித்தேன். அதற்கு அப்பால் போகவில்லை.

2. ரிபன் கட்டின புத்தகம்

ஒரு நாள் மத்தியானம் இரண்டு ஆசிரியைகள் மூச்சு வாங்க உள்ளே வந்தார்கள்.

“அண்ணை, எங்கடை பள்ளிக்கூட அதிபர் நாளைக்கு இளைப்பாறுறார். நல்ல புத்தகம் ஒண்டு தாங்கோ. கெதியாத் தாங்கோ, றோட்டிலை வான் நிக்குது.”

வேலையில் இருந்து ஓய்வு பெறுவதை நாங்கள் இளைப்பாறுவது என்றுதான் சொல்வோம். என் கண் அலுமாரியில் ஓடியது. ஒன்பதாம் பாகம். தலைப்பு: ‘இளைப்பாறும் முன்’.

“அச்சொட்டா இருக்கு!” என்றார் ஒரு ரீச்சர்.

பொன்னிறக் கடதாசியில் சுற்றி, சிவப்பு ரிபன் கட்டிக் கொடுத்தேன். பூவும் வைத்தேன்.

அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்த வீடு. கோயில் மூப்பர் செபம் சொல்லிக்கொண்டு போய் ‘இளைப்பாற்றி’ என்ற சொல்லை இழுத்து நிறுத்தினார். நான் சுற்றிக் கொடுத்த தலைப்பு நினைவுக்கு வந்தது. கத்தோலிக்க வேதக்காரர் நாங்கள் செத்தவர்களுக்காகக் கேட்கிற இளைப்பாற்றி அது. சின்ன வயதில் இருந்து ஒவ்வொரு செத்த வீட்டிலும் நானும் சேர்ந்து கேட்டதுதான்.

கடைக்குப் போய் ஒன்பதாம் பாகத்தின் மற்றப் பிரதியைத் திறந்தேன். பாகம் முழுக்க நல்ல மரணத்துக்கு எப்படி ஆயத்தமாவது என்று இருந்தது. பிரியாவிடைக்கு நான் பூ வைத்து அனுப்பியது ஒரு சவப்பெட்டி.

3. அதிபர் வந்தார்

ஸ்கூட்டரில் வந்தார். கொக்குவில்காரர். நெற்றியில் திருநீறு, கக்கத்தில் புத்தகம்.

“உதைச் சுத்திக் குடுத்தது நீர்தானே?”

“ஓம் சேர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மாத்தித் தாறன்.”

“முதல் பக்கம் வாசிச்சனீரோ?”

“இல்லை சேர்.”

“வாசியும்.”

வாசித்தேன். உன்னோடு கதை பேச்சை நிறுத்திவிட்டவர் யாரும் இருந்தால் இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு அவரிடம் போ, போய்விட்டு வரும்வரை பக்கத்தைத் திருப்பாதே என்பதுதான் அதன் சாரம்.

“நான் சைவக்காரன்,” என்றார். “என்ரை வீட்டு விசயத்தை உந்தத் தாடியருக்கு ஆர் சொன்னது?”

பிறகு குரலை இறக்கினார். அண்ணன் பக்கத்து வளவு. வேலிக்குக் கதியால் நடப்போய் வந்த பிரச்சினை. எத்தனையோ வருடமாகப் பேச்சில்லை. இப்போது அண்ணன் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். டொக்டர்மார் நம்பிக்கை கொடுக்கவில்லை.

“பக்கத்தைத் திருப்பினா ஆர் சேர் காணப்போறது?” என்றேன். பகிடிக்குத்தான்.

“ஒரு பாடம் முடியாமல் மற்றப் பாடத்துக்குப் பிள்ளையளை விட்டவன் இல்லை நான். அதுதான் வந்தனான். வேறை பாகம் தாரும். எதிலை இருந்து தொடங்கிறது நல்லம்?”

என் வாயில் பதில் தயாராக இருந்தது. கைக்கு எட்டின தூரத்தில் முதலாம் பாகம். அதைக் கொடுத்தால் மனிசன் ஆதாரங்களுக்குள் ஒரு வருடம் நிம்மதியாக ஒளிந்திருப்பார். அண்ணனிடம் ஒரு வருடம் இல்லை. பள்ளிக்கூடம் போகாமல் இருக்க டொக்டரின் துண்டுச் சீட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப் போல அவர் அலுமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“முதலாம் பாகம் முடிஞ்சு போச்சு சேர்.”

“அப்ப உதிலை அடுக்கியிருக்கிறது என்ன?”

“அது காட்சிக்கு சேர்.”

அவர் சிரிக்கவில்லை.

“நீங்கள் தொடங்கீட்டியள் சேர்,” என்றேன். “இனி மாத்தேலாது.”

புத்தகத்தை எடுத்துத் திரும்பக் கக்கத்தில் வைத்தார். “போய் என்னத்தைக் கதைக்கிறது?”

“எனக்கென்ன தெரியும் சேர்? நான் முன்னுரை மட்டும் படிச்சவன்.”

அதற்குத்தான் சிரிப்பு வந்தது. ஸ்கூட்டரைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். புத்தகத்தையும் கொண்டு போனார்.

கடை பூட்டும் நேரமாகியும் ஸ்கூட்டர் அங்கேயே நின்றது. நானும் நின்றேன். என் வாழ்க்கையில் பாதருக்குத் தெரியாமல் செய்த ஒரே ஓவர்டைம் அதுதான். பொழுது படும்போது வந்தார்.

“என்ன சேர்?”

“கண்ணைத் திறந்து பாத்தார். ‘கதியால் எல்லாம் நட்டு முடிச்சிட்டியோ?’ எண்டு கேட்டார்.”

“நீங்கள்?”

“வேலியைப் பிடுங்கிப் போடுறன் எண்டன். ‘விசரா, மாடு வரும்’ எண்டார்.”

ஸ்கூட்டர் திறப்பைத் தேடினார். எல்லாப் பொக்கற்றுக்குள்ளும் தேடினார். அது அவரின் கையில்தான் இருந்தது. நான் சொல்லவில்லை, தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் அந்தக் கிழமையே போய்விட்டார். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகு அதிபர் கடைக்கு வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார்:

“ரெண்டாம் பக்கத்துக்கு வந்திட்டன்.”

4. என் முறை

அதற்குப் பிறகு எதில் இருந்து தொடங்கிறது என்று கேட்டவர்களிடம், “உங்களுக்கு இப்ப என்ன பாடு?” என்று திருப்பிக் கேட்கத் தொடங்கினேன். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். சிலர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்கள். பன்னிரண்டு பாகமும் அசையத் தொடங்கின. ஒரு நாள் ஒரு இளம் பாதர் வந்து, ஆட்கள் போகுமட்டும் நின்று, தனக்கு எது பொருந்தும் என்று மெதுவாகக் கேட்டார். முதலாம் பாகத்தை எடுத்து, வேறொன்றும் கேட்காமல் சுற்றிக் கொடுத்தேன்.

கடையில் இப்போது நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பாக எண்ணைப் பார்க்காதீர்கள், வந்து நிற்கிற ஆளைப் பாருங்கள். எந்தப் பக்கம் அவரை அடுத்த பக்கத்துக்குப் போக விடாதோ, அங்கேதான் தொடக்கம்.

போன வருடம் நானும் இளைப்பாறினேன். பிரியாவிடையில் அதே பிள்ளைகள் ஒரு பொதி தந்தார்கள். பொன்னிறக் கடதாசி, சிவப்பு ரிபன். தடிப்பைத் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எத்தனையாம் பாகம் என்று. கொண்டுவந்து அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

“என்னப்பா, இன்னும் பிரிக்கேல்லையோ?” என்று என் மனிசி கேட்டாள்.

“ரிபன் வடிவா இருக்கு. பழுதாப் போயிடும்.”

“வடிவோ, பயமோ? உங்கடை பகிடியாலை கோவிச்சுக்கொண்டு போன சனத்தை எல்லாம் போய்ப் பாக்கிறதெண்டா, முதல் பக்கமே உங்களுக்கு ஒரு வருசம் எடுக்கும்.”

அந்தச் சனத்தில் அவளின் தம்பியும் ஒருவன். கரவெட்டியில் இருக்கிறான்.

இதை இந்த அளவில் நிறுத்த வேண்டியிருக்கிறது. கத்தரிக்கோலோடு வருகிறாள்.