ஏலத்துக்குப் போன சக்கரப் பலகை

ஆரணி பக்கம் சேவூரில் அலன் வீட்டுக்கு வருகிறவர்கள், கேஸ் சிலிண்டர் வாசலிலிருந்து சமையலறைக்கு உருண்டு போகிற அழகைப் பார்த்து அசந்துபோவார்கள். தூக்க வேண்டாம், இழுக்க வேண்டாம். நீளமாக ஒரு பலகை, அடியில் நாலு சக்கரம், காலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். அது சிலிண்டர் வண்டி இல்லை, லாங்போர்டு என்று கல்யாணமான புதிதில் அலன் சொல்லிப் பார்த்தான். பெங்களூரில் வேலை பார்த்த நாட்களில், கூட வேலை செய்தவரிடமிருந்து வாங்கியது. விடிகாலையில் காலியான சாலையில் அதன்மேல் நின்றபடியே வழுக்கிக்கொண்டு போன கதையெல்லாம் அவன் அம்மா சகாயம்மாளிடம் எடுபடவில்லை.

"மனுசன் ஏறுனா இன்னா, சிலிண்டர் ஏறுனா இன்னா? சக்கரம்னா உருளணும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

அப்பா காலமானதும் ஊருக்குத் திரும்பிய அலன், இப்போது களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில், அரிசியில் கறுப்பு பொறுக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறான். சொந்த வீடு, நல்ல சம்பளம், வீட்டுத் தறியில் பட்டு நெய்கிற கெட்டிக்கார மனைவி வனிதா. வாய்விட்டுக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் மில்லிலிருந்து வந்தால் தவிட்டுத் தூசியைக் கழுவுவான், சாப்பிடுவான், போனைப் பார்ப்பான், தூங்குவான். கேட்டதற்குப் பதில் வரும், கேட்காததற்கு ஒரு வார்த்தை வராது. வனிதாவும் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, தறியோடு பேசிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, நிறை சிலிண்டரை ஏற்றியதும் பலகை 'மளுக்'கென்று முனகியது. அலன் ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தான். நடுப்பகுதி தொய்ந்து கிடந்தது. பின்முனையில் மர அடுக்குகள் பிரிந்து வாய் பிளந்திருந்தன. சக்கரத்தைச் சுற்றினால் சுற்றவே மாட்டேன் என்றது. இத்தனை வருஷம் கண்ணெதிரே கிடந்தும் கண்டுகொள்ளவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டான். சிலிண்டரை இறக்கிவிட்டு, பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.

முதலில் சக்கரங்களைக் கழற்றினான். ஒவ்வொரு பேரிங்குக்குள்ளும் பழைய மிட்டாய் மாதிரி ஏதோ இறுகிப்போயிருந்தது. சிலிண்டர் சத்தமில்லாமல் உருளட்டும் என்று சகாயம்மாள் அவ்வப்போது தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார். அந்த எண்ணெய், தரையில் பறக்கிற பட்டுக் கழிவு நூலையெல்லாம் இழுத்துச் சுருட்டிக்கொண்டுவிட்டது. ஆரணி பக்கத்தைத் தவிர வேறு எந்த ஊரில் இப்படி ஒரு வியாதி வரும்? ஸ்க்ரூ டிரைவரால் குத்திக்கொண்டிருந்தவனைப் பார்த்து வனிதாவுக்குப் பொறுக்கவில்லை.

"குடுங்க இப்படி. நூலுகூட மல்லு கட்டுனா வருமா?"

ஊசி முனையால் ஒரு இழையின் தலைப்பைக் கண்டுபிடித்து, மெதுவாக உருவினாள். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று அவள் நெய்த புடவைகளெல்லாம் வரிசையாக வெளியே வந்தன. "இது போன பொங்கலுக்கு நெய்தது" என்று அவள் சொல்ல, அலன் சிரித்தான். அவன் சிரித்து நாளாயிற்று என்பது வனிதாவுக்குத்தான் உறைத்தது.

பிறகு மில் முடிந்து வந்த மாலைகளெல்லாம் பின்கட்டில்தான் கழிந்தன. பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். கால் வழுக்காமலிருக்க மேலே ஒட்டியிருந்த பழைய உப்புத்தாளை இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி உரித்தான். பிரிந்த அடுக்குகளுக்குள் பசை விட்டு, அது பிடிக்கிறவரைக்கும் மேலே அதே சிலிண்டரைத் தூக்கி வைத்தான். செய்த பாவத்தை அது இப்படியாவது கழிக்கட்டும் என்று வனிதா சொன்னாள். தொய்வை நிமிர்த்துவதுதான் பெரும்பாடு. வாட்டர் டேங்க் ஓட்டை அடைக்கிற ஃபைபர் துணியையும் ரெசினையும் ஆரணி டவுனில் வாங்கிவந்து, நடுவை மேலே வளைத்துக் கட்டி, அடிப்பக்கம் பூசிக் காயவிட்டான். பழைய சக்கரம் பெங்களூர் சாலைக்குச் சரி, சேவூர் ஜல்லிக்கு ஆகாது. பெரிதாக, கொஞ்சம் மெத்தென்று புதுச் சக்கரங்களை ஆன்லைனில் வரவழைத்தான். வேலை செய்துகொண்டே பேசவும் ஆரம்பித்தான். மில் கதை, பெங்களூர் கதை, அப்பா கதை எல்லாம் வந்தது. வனிதா தறியில் உட்கார்ந்தபடியே உம் கொட்டினாள்.

குண்டு விழுந்தது வீட்டு ஜெபக் கூட்டத்தில். அறுப்பின் பண்டிகை நெருங்கிவிட்டது. நெல்லோ பூசணியோ சேவலோ, ஒவ்வொரு வீடும் ஒரு பொருளைக் காணிக்கையாகத் தரும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விட்டு, வருகிறதைச் சபைக்குச் சேர்ப்பார்கள். சபைக் கமிட்டி ஏசுதாஸ், "சகாயம்மாக்கா, இந்த வருசம் உங்க வீட்ல இன்னா தர்றீங்க?" என்று கேட்டார்.

"சக்கரப் பலகை ஒண்ணு கீதுபா. புள்ள கழட்டிப் போட்டுட்டான். சும்மாதான் கெடக்குது, எடுத்துக்கோ" என்றார் சகாயம்மாள், நல்ல மனசோடு.

அலனுக்கு முகம் செத்துவிட்டது. கூட்டம் கலைந்ததும், "யம்மா, அது கழட்டிப் போட்டது இல்லமா, சரி பண்ணிகினு கீறேன்!" என்று கத்தினான். அம்மாவுக்கும் வருத்தம்தான். ஆனால் கடவுளுக்கென்று பத்துப் பேர் முன்னால் சொன்னதைத் திருப்ப முடியாது. ஏலத்தில் கேட்டு வாங்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. கொடுத்த வீட்டுக்காரரே தன் பொருளுக்குக் கேள்வி வைத்தால், கொடுத்துவிட்டு மனசு மாறியவர்கள் என்று சபையில் பேச்சாகிவிடும்.

"போனா போவட்டும் வுடுங்க" என்று வனிதா சாதாரணமாகச் சொன்னதுதான் அலனுக்கு அதைவிட வலித்தது.

அதற்காக வேலையைப் பாதியில் விட அவனுக்கு மனசு வரவில்லை. இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தான், புது உப்புத்தாள் ஒட்டினான், சக்கரம் மாட்டினான். பண்டிகைக்கு முந்தின மாலை, தெருவில் ஒரே ஒரு முறை ஏறிப் பார்த்தான். பலகை சத்தமே இல்லாமல் போயிற்று. நிமிர்ந்த நடுப்பகுதி காலுக்கடியில் லேசாகத் துள்ளியது. இறங்கி, துடைத்து, சுவரோரம் சாய்த்துவைத்தான்.

மறுநாள் சர்ச் வளாகத்தில் ஷாமியானா. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அலன் சும்மா இருக்கவில்லை. கூட வேலை செய்கிற லாரி டிரைவர் அன்புச்செல்வனைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தான். பின்னாலிருந்து இவன் தலையாட்ட ஆட்ட, அவன் திரும்பிப் பார்த்து விலை கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. பூசணி போயிற்று, சேவல் போயிற்று. ஏசுதாஸ் பலகையைத் தூக்கிக் காட்டியதும் கூட்டமே "அட!" என்றது.

அன்புச்செல்வன் கேட்டான். பெண்கள் பக்கமிருந்து அதற்கு மேலே ஒரு குரல் கேட்டது. யாரென்று எட்டிப் பார்த்தால், எதிர்வீட்டு சூர்யகலா. நடந்தாலே மூச்சு வாங்குகிற அந்த அம்மாவுக்கு லாங்போர்டு எதற்கு? அன்புச்செல்வன் ஏற்றினான், சூர்யகலா ஏற்றினார். மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள், இந்த இரண்டு பேரும் விடுவதாக இல்லை. ஏசுதாஸ் உற்சாகத்தில் எகிறிக் குதித்தார். அலன் சேர்த்துவைத்ததெல்லாம் தீர்ந்த இடத்தில் தலை ஆடாமல் நின்றது. அன்புச்செல்வன் கையை விரித்தான்.

"சூர்யகலாம்மாவுக்கே!" என்று ஏசுதாஸ் முடித்துவிட்டார். அலனுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. மாமரத்தடிப் பக்கம் போய்ப் பைக் சாவியைத் தேடினான்.

"சாவி என்கிட்ட கீது" என்று பின்னால் வனிதாவின் குரல். திரும்பினான். பலகையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் கொதித்தது.

"நாம கேக்கக் கூடாதுன்னு சூர்யகலாக்காவை நான் கேக்க வெச்சா, எவனோ ஒருத்தன் பூந்து பேஜார் பண்ணிட்டான்! என் தறிக் கூலிப் பணம் பூரா போச்சு. யாருங்க அவன்?"

அலன் தலையைச் சொறிந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. பிறகு வனிதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போனா போவட்டும்னு சொன்னியே" என்றான் அலன்.

"பின்ன, அத்தை முன்னாடி வேற இன்னா சொல்றது? இந்தப் பலகையை நோண்ட ஆரம்பிச்சப்புறம்தான் நீங்க என்கூடப் பேசிகினு கீறீங்க. அதை எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டு, மறுபடியும் நான் தறிகூடப் பேசணுமா?"

அலன் பலகையை வாங்கித் தரையில் வைத்தான். அவள் கையைப் பிடித்து, "ஏறு" என்றான்.

"ஐயோ, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். கீழ பாக்காத, என்னைப் பாரு."

பட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, அவன் தோளை இறுக்கிப் பிடித்து, வனிதா ஏறி நின்றாள். அலன் பேசிக்கொண்டே மெதுவாகத் தள்ளினான்.