கேட்காமல் எழுதிய வரி

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் எதிரில் என் ஜெராக்ஸ் கடை. கடையோரமாக மேசை போட்டு மனு எழுதுகிறவர் வியாகுலம். எழுபது தாண்டியும் கை நடுங்காது. வந்தவர் சொன்னதை எழுதுவார், திருப்பிப் படித்துக் காட்டுவார், சொல்லாத ஒரு வார்த்தையையும் சேர்க்க மாட்டார், ஏன் எதற்கு என்று கேட்கவும் மாட்டார். அதற்காகவே அவரிடம் கூட்டம் வரும். அதற்காகவே எனக்கு அவர் மேல் எரிச்சலும் வரும்.

அந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. அவர் அப்பா தியாகதுருகம் பக்கம் பண்ணையாளாக இருந்தவர். தன் கல்யாணத்துக்கே பண்ணையாரிடம் உத்தரவு கேட்டார். அறுவடை முடியட்டும் என்று சொல்லியே இரண்டு வருஷம் தள்ளிப் போட்டார்களாம். அந்தக் கோபத்தோடு வளர்ந்த வியாகுலம், இருபத்திரண்டு வயதில் கல்வராயன் மலையேறி, ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழுதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். எங்களை எங்கள் பாட்டுக்கு விடுங்கள் என்பதுதான் எல்லா மனுவிலும் சாரம். இதற்குத் தாராளவாதம் என்று ஒரு பெயர் இருப்பதைப் பின்னால் எங்கோ படித்து, அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

தொண்ணூறுகளில் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு, தாராளமயம் என்று வேறொன்று வந்தது. தொழில் செய்ய அனுமதி வேண்டாம், யாரும் குறுக்கே நிற்கக் கூடாது என்றார்கள். என் மெஷின் வந்ததும் அப்போதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். "சர்க்காரே கையை எடுத்துக்கினு ஒதுங்குது பாரு" என்று வியாகுலம் பூரித்துப் போனார்.

அவருக்குப் பிந்திப் பிறந்த மகள் ஜெனிபர் சென்னையில் சட்டம் படிக்கிறாள். கிறிஸ்துமஸ் லீவில் கடைக்கு வந்தவள் அந்தச் சொல்லுக்காக அவரைப் பிடித்துக்கொண்டாள். "லிபரல்னா ஒதுங்கிக்கறது மட்டும் இல்லப்பா. ஒருத்தங்க பயமில்லாம பேசற மாதிரி மொதல்ல செய்யணும். அதுக்கப்புறம்தான் அவங்க இஷ்டம்னு சொல்லணும்."

"உன் நல்லதுக்குத்தான்னு சொல்லித்தான் பண்ணையாரும் எங்கப்பன் கல்யாணத்துல மூக்க நொழைச்சான்."

நான் சிரித்தேன். அன்று எனக்கும் அவர் பக்கம்தான் நியாயமாகப் பட்டது.

அடுத்த ஏப்ரலில் கருணாபுரத்திலிருந்து மணிமொழி வந்தாள். சித்தாள் வேலை பார்க்கிறவள். தெருவில் சாராயம் விற்கிறார்கள், மூட்டை தூக்கும் தன் புருஷன் விடிந்ததுமே போய்க் குடிக்கிறான், நிறுத்தச் சொல்லுங்கள் என்று மனு. எழுதி வாங்கி, எதிரே தாலுகா ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போனாள்.

எட்டாம் நாள் திரும்பி வந்தாள். "குடுத்த மனுவ வாபஸ் வாங்கணுங்க."

எதிர்ப்புறம் ஒரு ஆட்டோ நின்றது. உள்ளே இரண்டு பேர், அவளையே பார்த்துக்கொண்டு. நான் பார்த்தேன். வியாகுலமும் தலை நிமிர்ந்து பார்த்தார், பிறகு எழுதினார். வாபஸ் மனு என்றால் வழக்கமாக ஒரு வரி வரும்: யாருடைய தூண்டுதலும் இல்லாமல், என் சுயவிருப்பத்தின் பேரில். அதை அவள் சொல்லவில்லை. கைப்பழக்கத்தில் அவரே எழுதினார். படித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். நான் இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவள் உடனே எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் போனாள்.

அவள் போனதும், "அவ இஷ்டம்" என்றார் வியாகுலம். நான் கேட்காமலேயே.

ஜூனில் கருணாபுரத்துத் தெருக்களில், விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களுக்கு வீட்டுக்கு வீடு பந்தல் போட்டார்கள். மாயவன் என்ற பெயரைப் பேப்பரில் வியாகுலம்தான் முதலில் பார்த்தார். மணிமொழியின் புருஷன்.

அதற்குப் பிறகு மனிதர் மனிதராக இல்லை. எதிரில் எந்த ஆட்டோ நின்றாலும் அவர் பேனா நின்றுவிடும். காலி பெஞ்சைப் பார்த்து, "சொல்லும்மா" என்பார். அன்றைக்கு மை சரியாக விழாமல் நான் கழித்துப் போட்ட வாபஸ் மனுப் பிரதி ஒன்றைக் கட்டுக்குள்ளிருந்து தேடி எடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வரியை மட்டும் விரலால் தடவித் தடவிப் படிப்பார். எனக்குப் பயமாக இருந்தது. அவருக்காக மட்டுமில்லை. அவர் அப்பா பண்ணையில் பட்ட பாட்டிலிருந்து பிறந்த கொள்கை, எங்கள் இரண்டு பேருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வசதியாகப் போயிருந்தது. அது எப்போது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்டில் மணிமொழி வந்தாள். வாரிசுச் சான்றுக்கு மனு வேண்டுமாம். அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். வியாகுலம் பேனாவைத் திறக்கவில்லை. நான் அறிந்து முதல் தடவையாக ஒருவரைக் கேள்வி கேட்டார்.

"அன்னிக்கி யாரும்மா வாபஸ் வாங்கச் சொன்னது?"

"ஆட்டோல இருந்தவங்கதான். நீங்கதான் பாத்தீங்களே." அவள் குரல் உயரவில்லை. "நீங்க படிச்சிக் காட்டின பெறவும் உக்காந்துகினு இருந்தனே, இன்னாத்துக்குன்னு நெனச்சீங்க? ஒரு வார்த்த கேப்பீங்க, சொல்லிடலாம்னுதான்." என் பக்கம் திரும்பினாள். "இவராவது கேப்பாருன்னு பாத்தேன்."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க எனக்குக் கை வரவில்லை.

"எழுதுங்க" என்றாள். "செத்தவரு பேரு மாயவன். இந்தத் தடவ நான் சொல்றத மட்டும் எழுதுங்க."