மிஷினில் அவர் கோத்த நூல்

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் எனக்கு, தையல் மிஷினில் நூல் கோக்கத் தெரியாது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஊசிக் கண்ணில் கோப்பதைச் சொல்லவில்லை, அது தெரியும். நூல்கண்டில் இருந்து ஊசி வரைக்கும் நூல் வளைந்து நெளிந்து வரும் வழி இருக்கிறதே, அது தெரியாது. அதை என் வீட்டுக்காரர் கோத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் அதை அவிழ்க்கவே இல்லை.

பச்சை ஜாக்கெட் முடிந்து சிவப்பு ஜாக்கெட் தொடங்கும்போது, கண்டுக்குப் பக்கத்தில் பச்சை நூலை வெட்டி, அதன் நுனியில் சிவப்பு நூலைச் சேர்த்துச் சின்னதாக ஒரு முடிச்சுப் போடுவேன். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிடுவேன். தூக்காமல் இழுத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் முடிச்சு மாட்டித் தட்டையே கெடுத்துவிடும். பிறகு ஊசிப் பக்கம் இருந்து மெதுவாக இழுத்தால் பச்சை முன்னால் போக, சிவப்பு அதன் பின்னாலேயே வந்துவிடும். ஊசிக்கு மேலேயே முடிச்சை நறுக்கிவிட்டு ஊசியில் மட்டும் நானே கோத்துக்கொள்வேன். கண்டுப் பக்கமாகத் திருப்பி இழுக்க மாட்டேன், நூல் பிசிறு தட்டுக்குள் தங்கிவிடும். இப்படியே வருடக்கணக்கில் ஓடியது. கலர் மாறிக்கொண்டே இருந்தது, வழி மாறவில்லை.

மிஷின் வாங்கிய அன்று தர்மபுரிக் கடையில் அவருக்குத்தான் கோத்துக் காட்டினார்கள். நல்லம்பள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த நூல் அறுந்துபோயிருந்தது. அவருக்கு டயர் கடையில் வேலை, கை எப்போதும் கறுப்பாகவே இருக்கும். அன்றைக்கு சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, ஞாபகத்தில் இருந்து ஒவ்வொரு வளையமாக நூலை விட்டார். நான் கிட்டே போனதற்கு, “வெளிச்சத்த மறைக்காத” என்று ஒரு அதட்டல்.

“இனிமே இத அவுக்காத. அவுத்தீன்னா நான்தான் வரோணும்.”

“ஆமாங்க, பெரிய இஞ்சினியரு நீங்க.”

நடுவில் எப்போதாவது நூல் அறுந்தால் மிஷினை அப்படியே விட்டுவிட்டு, அவர் வரும்வரை தைத்த ஜாக்கெட்டுகளுக்குக் கையால் கொக்கி கட்டிக்கொண்டிருப்பேன். வந்தால் ஒரே அலட்டல்தான். “நானில்லன்னா உன் பொழப்பு என்னாவும்?” என்பார். “எங்க போயிருவீங்க நீங்க?” என்பேன் நான்.

அந்த மிஷினில் ஒரே ஒரு தொல்லை. எந்தக் கண்டு வாங்கிப் போட்டாலும், தையல் தொடங்கும் இடத்தில் துணிக்கு அடியில் நூல் சுருண்டு நிற்கும். நூல்தான் மட்டம் என்று நூல் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவேன். அவரும் சலிக்காமல் வேறு கண்டு எடுத்துக் கொடுப்பார். சுருளை நறுக்கிவிட்டு மேலே தைப்பேன். பழகிவிட்டது.

போன தை மாதம் என் வீட்டுக்காரர் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஃப்ரீசர் பெட்டி வந்தது. அதற்கு பிளக் வேண்டும். முன் அறையில் பிளக் இருந்தது மிஷினுக்குப் பக்கத்தில். மிஷினைத் தூக்கி உள் அறையில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் அவரை வைத்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. “அழுதுரு கண்ணு, உள்ள வச்சுக்காத” என்று ஆளாளுக்கு என் முதுகைத் தடவினார்கள். எரிச்சலாக இருந்தது. வராததை எங்கிருந்து கொண்டுவருவது? கொடுத்த காபியைக் குடித்தேன். போட்ட சோற்றைத் தின்றேன். காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அப்படித்தான். கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி உடம்பு முழுக்க இருந்தது. தண்ணீர் வந்தால் பிடித்து வைத்தேன், பால்காரர் வந்தால் பாத்திரத்தை நீட்டினேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தேன். மிஷினில் பச்சை நூல் இருந்தது. கலர் நான் போட்டது, வழி அவர் போட்டது. அது அறுந்துவிட்டால் திரும்பக் கோக்க ஆள் இல்லை. அதனால் நான் கவரையே எடுக்கவில்லை. ஜாக்கெட் கேட்டு வந்தவர்களிடம் கை வலி என்று சொன்னேன். அவர் சட்டையைக் கொடுத்துவிட்டேன், செருப்பைக் கொடுத்துவிட்டேன், ஒன்றும் தோன்றவில்லை. இந்த நூல் மட்டும் இருக்க வேண்டும். வேறெதையும் நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் பொம்மிடியில் இருந்து வந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கையில் ஒரு ஜாக்கெட் துணி.

“அண்ணி, நீங்க தெச்சாத்தாங்க எனக்குத் தோள்பட்ட சரியா நிக்கும். நான் களி கிண்டறேன், நீங்க மிஷினப் பாருங்க.”

எனக்கு வேலை கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று புரிந்தது. மறுக்கத் தெம்பில்லை. பச்சைத் துணியாக இருந்ததால் நூல் மாற்ற வேண்டியதில்லை என்று ஒரு தைரியம். கவரைத் தூக்கினேன்.

நூல் இல்லை. கண்டு மட்டும் கம்பியில் இருந்தது, நுனியை அழகாகச் சுற்றி அதன் பிளவில் செருகியிருந்தது. மிஷின் மொட்டையாக நின்றது.

“பாப்பா, இதுல இருந்த நூலு?”

“நான்தாங்க அண்ணி சுத்தி வச்சேன். அன்னிக்கு மிஷினத் தூக்கறப்ப எல்லாத்து கையிலயும் சிக்குச்சு. இழுத்துப்போட்டு மிஷின் கெட்டுறப்போவுதுன்னு ஊசிகிட்ட வெட்டிட்டு சுத்திட்டேன். ஏங்க?”

“ஒண்ணுமில்ல.”

நிஜமாகவே அந்த நேரத்தில் ஒன்றுமில்லை. கோபம்கூட வரவில்லை. அவள் செய்தது நல்லதுதான். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“போன்ல வீடியோ இருக்குமுங்க அண்ணி, பாத்துக் கோத்துரலாம்” என்று சமையலறையில் இருந்து குரல் வந்தது. வேண்டாம் என்றேன். யாரோ கோக்கும் வழி எனக்கு எதற்கு?

கை போன போக்கில் கோத்தேன். தட்டுக்குள் விட்டேன், மேலும் கீழும் ஆடும் கையில் மாட்டினேன், ஊசியில் கோத்தேன். மிதித்தேன். சடசடவென்று ஒரு சத்தம். துணி நகரவில்லை. அடியில் நூல் கூடு கட்டிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மிதித்துக்கொண்டே துணியை இழுத்தேன், ஊசி வளைந்து அடித்தகட்டில் மோதி ஒடிந்தது. இன்னும் ஒரு மிதி மிதித்திருந்தால் உள்ளே சுற்றும் ஷட்டிலும் போயிருக்கும்.

அதற்குப் பிறகு கை தானாக வேலை செய்தது. பாதத்தைத் தூக்கினேன். துணியைப் பிடுங்காமல் அடியில் இருந்த நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். அடிநூல் சுற்றிய பாபினை வெளியே எடுத்தேன். ஒடிந்த ஊசித் துண்டைத் தேடி எடுத்தேன், அது உள்ளே கிடந்தால் மிஷினைத் தின்றுவிடும். புது ஊசியை மாட்டினேன். தட்டுக்குள் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போனில் டார்ச்சைப் போட்டேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. நூல் போன இடமெல்லாம் உலோகம் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு வளையத்திலும் மயிரிழை போல ஒரு கோடு, டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது. இத்தனை வருடம் நூல் ஓடி ஓடி அவர் போட்ட வழி மிஷினிலேயே பதிந்திருக்கிறது. நுனியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தேய்மானமாக நூலை விட்டேன். முதல் வளையம், தட்டு, சின்ன ஸ்பிரிங், ஆடும் கை.

ஸ்பிரிங்குக்கும் ஆடும் கைக்கும் நடுவில் ஒரு கொக்கி இருந்தது. அதில் கோடு இல்லை. கடையில் இருந்து வந்த நாளின் மினுமினுப்பு அப்படியே, மேலே கொஞ்சம் எண்ணெய் அழுக்கு. நூல் அதன் பக்கமே போனதில்லை.

துணியால் அழுக்கைத் துடைத்தேன். நூலை அந்தக் கொக்கிக்கு அடியிலும் விட்டு மேலே கொண்டுபோனேன். எப்போதும் போல ஊசி நூலையும் பாபின் நூலையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை என் பக்கமாக மெல்லச் சுற்றி, ஒரு துண்டுத் துணியில் ஓட்டினேன். சத்தமே வேறாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். தொடங்கிய இடத்தில் அடியில் சுருள் இல்லை. மேலும் கீழும் ஒரே மாதிரி தையல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுப் பக்கம் திரும்பி, “ஏங்க, இத்தன வருசமா ஒரு கொக்கிய உட்டுட்டா கோத்தீங்க? அந்த நூல் கடக்காரர என்னா பாடு படுத்தியிருப்பேன்! இதுல உங்களுக்கு அலட்டல் வேற!” என்றேன், நல்ல சத்தமாக.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கடையில் அப்படித்தான் காட்டினார்கள் என்று சாதிப்பார். அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தேன். மிதியில் கால் இருந்தது, துணி கையில் இருந்தது. கதவு காலியாக இருந்தது.

நாத்தனார் களிக்கோலோடு ஓடிவந்தாள். “யார்கிட்டங்க அண்ணி பேசறீங்க?”

உங்கண்ணன்கிட்ட என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. தை மாதத்தில் வராத அழுகை, பெரிய சத்தத்தோடு வந்தது. அவள் கோலைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் களி தீயும் வாடை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.