புருசன் உட்காராத நாற்காலி

லண்டனில் படம் பார்க்க வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டையைப் படிக்கிறார்கள். அதில் வருத்தப்படச் சொல்லியிருந்தால், கொஞ்சம் பின்னால் போய், தலையைச் சாய்த்து வருத்தப்படுகிறார்கள். தேனியில் என் படங்களுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம், "மூக்கு இப்படியா இருக்கும்?" என்பதுதான்.

அங்கே ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குத் திரைச்சீலை வரைந்து பிழைத்தேன். அருவி, மாடிப்படி, மயில். அவற்றின் முன்னால் புதுமாப்பிள்ளை நாற்காலியில் உட்காருவார். பெண் பக்கத்தில் நிற்பாள். வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த ஒரு பெண், கால் கடுக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். மாமியார் அந்தப் படத்தை வாங்காமலே போய்விட்டார். நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு உலக ஒழுங்கைச் சொல்லித் தந்தது அந்த நாற்காலிதான்.

இங்கே எனக்கு ஜார்ஜ் இருக்கிறார். பஸ் ஓட்டுகிறவர். பல வருடமாக ஒரே அடுப்பு, ஒரே கட்டில். இதற்குமேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்களைக் கல்யாணப் படம்போல் வரைய ஆசைப்பட்டேன். இருவருமே ஆண்கள் என்பதால் யார் உட்காருவது என்று சண்டை. புருசன்தான் உட்காரலாம் என்ற நாற்காலிச் சட்டத்தை விளக்கியதும், என்னை நிற்கவைக்க மாட்டேன் என்று ஜார்ஜும் உட்கார மறுத்துவிட்டார். கடைசியில் இருவரும் நின்றோம். அவர் கை என் தோளில். நடுவே நாற்காலி காலி.

படத்தை மாட்டிய கேலரி அம்மாள், காலி நாற்காலி என்றால் இழந்த தாய்நாடு என்று அட்டை எழுதினார். அது குடும்பத் தலைவரின் இடம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண் கலங்கி, இறந்த தகப்பனையும் அட்டையில் சேர்த்துக்கொண்டார். என் அப்பா அப்போது சுருளிப்பட்டியில், அக்கா வீட்டுத் திராட்சைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள், ஏலக்காய் வியாபார விஷயமாக லண்டன் வந்த அக்கா வீட்டுக்குப் பழக்கமான போடி தேவசகாயம் அண்ணாச்சி, விசாரித்துக்கொண்டு கேலரிக்கே வந்துவிட்டார். அக்கா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அண்ணாச்சி பஜாரில் ஒரு வார்த்தை சிந்தினால் போதும், அந்தக் கல்யாணம் நின்றுபோகும்.

அவர் அட்டையைப் படிக்கவில்லை. நேரே நாற்காலியைப் பார்த்தார்.

"ஏலே, புருசன் உக்கார்ற எடம் ஏன் சும்மா கெடக்கு?"

அவர் படத்திலிருந்த ஜார்ஜையும், என் அருகே நின்ற ஜார்ஜையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ உக்காரு, நீ உக்காருன்னு ரெண்டு பேரும் உபசாரம் பண்ணிக்கிட்டீகளாக்கும்."

லண்டனில் என் படத்தைச் சரியாகப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

பிறகு பையிலிருந்து கேமராவை எடுத்தார். "ஒங்க அக்கா சுவத்துல மாட்ட ஒன் படம் கேட்டாக" என்று சொல்லி, அந்த ஓவியத்தில் நான் மட்டும் விழும்படி ஒதுங்கி நின்று எடுத்தார். ஏன் பாதிப் படம் என்று ஜார்ஜ் கேட்டார். பிலிம் சிறியது என்றேன். அவர் நம்பவில்லை.

அக்கா மகள் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. அடுத்த தடவை வந்த அண்ணாச்சி சொன்னார்: என்னை மட்டும் எடுத்தாலும் தோளில் இருந்த கையை விலக்க முடியவில்லையாம். அக்கா வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அது யார் கை என்று கேட்டிருக்கிறார்கள்.

"அக்கா என்ன சொல்லுச்சு?"

"'அங்கன அவனுக்கு ஒரு ஆளு இருக்கு'ன்னாக. வேற ஒன்னும் சொல்லல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம படத்தத் தொடைக்கிறாக."

ஆக, சுருளிப்பட்டியில் நானும் மணிக்கட்டு வரைக்கும் ஜார்ஜும் குடியிருக்கிறோம். மிச்ச ஜார்ஜ் இங்கே என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.